சத்தத்தை நிறுத்துற கிளிப்பு

நான் கார் விக்கிறவ. பேரு சுஜாதா. ஓசூர் பாகலூர் ரோட்டுல இருக்கற ஒரு ஷோரூம்ல பதினோரு வருஷமா இதே பொழப்பு. சொந்தமா எனக்குக் கார் கிடையாது. மத்திகிரியில வாடகை வீடு, டவுன் பஸ்ல வந்து டவுன் பஸ்ல போறவ. ஆனா எங்க செடானோட நாலு மாடல்லயும் எது எது எங்க எங்க இருக்குன்னு கண்ணைக் கட்டி விட்டாக்கூட சொல்லிடுவேன். இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, தெரியாம பண்ணிட்டேன்னு நான் எங்கயும் போய் அழ முடியாது. தெரிஞ்சுதான் பண்ணேன்.

கெலவரப்பள்ளி பவளம் அக்காவுக்கு இடது கண்ணு போனதுக்கு நான்தான் காரணம். நாலு வருஷமா இது எனக்கும் என் வீட்டுக்காரர் அசோக்குமாருக்கும் மட்டுந்தான் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவங்க சொந்தபந்தமெல்லாம் அக்காவைத்தான் குத்தம் சொல்லிச்சு, அக்காவும் தன்னைத்தான் நொந்துக்கிட்டாங்க. நான் வாயைத் திறந்திருந்தா அந்தப் பேச்சு அன்னைக்கே நின்னிருக்கும். திறக்கல.

எனக்கு சொந்த ஊரு சிங்காரப்பேட்டை. பன்னெண்டாவது முடிச்சதும் ஓசூருக்கு வந்து வயர் பின்ற கம்பெனியில லைன்ல நின்னேன். எட்டு மணி நேரம் நின்னு நின்னு கால் நரம்பு சுருட்டிக்கிச்சு. அப்புறம் இந்த ஷோரூம்ல ஃபோன் பேசற வேலை. "சார், புது வண்டி பாக்கற ஐடியாவுல இருக்கீங்களா?"ன்னு ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட திட்டு வாங்கற வேலைதான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதைப் பாத்துட்டுத்தான் எங்க மேனேஜர் ராஜசேகர் சார், "நீ ஃபோன்ல இருக்க வேண்டிய ஆளில்லம்மா"ன்னு சொல்லி நேரா வண்டி விக்க விட்டாரு.

எங்க வண்டி நாலு தினுசுல வரும். அடியில இருக்கறது பேஸ் மாடல். ஸ்டீல் வீலு, மேல பிளாஸ்டிக் மூடி, பின்னாடி கண்ணாடியைக் கையால சுத்தித்தான் இறக்கணும். அது டாக்ஸிக்காரங்களுக்கு. ரெண்டாவதுல டச் ஸ்க்ரீன், ரிவர்ஸ் கேமரா, பின் சீட்டுக்கு ஏசி காத்து. சிப்காட் சம்பளக்காரங்க எல்லாரும் இதுலதான் வந்து நிப்பாங்க. மூணாவதுல அலாய் வீலு, பட்டன் ஸ்டார்ட்டு, ரெண்டு ஏர்பேக் ஆறாயிடும், முன் சீட்டுக்கு மேல இருக்கற வெயில் மறைப்புல லைட்டு போட்ட கண்ணாடி. உச்சியில நாலாவது. சன்ரூஃப், சீட்டுக்குள்ளருந்தே குளுகுளுன்னு காத்து, சுத்தி நாலு பக்கமும் கேமரா, பின்னாடி உக்காந்தவங்க பெல்ட் போடலைன்னாலும் விடாம கத்துற பெல்லு. அந்தக் கடைசி ஐட்டத்தை மட்டும் நான் எந்தக் கஸ்டமர்கிட்டயும் சொன்னதே கிடையாது. சொன்னா விக்காது.

ஆள் உள்ள நுழையறப்பவே இவங்க எந்த மாடல்னு எனக்குத் தெரிஞ்சுடும். டிக்கியத் திறந்து, தக்காளி கிரேட் எத்தினி போகும்னு கண்ணாலயே அளக்கறவங்க விவசாயம். வெளிர் கலர் சீட்டைத் தடவிப் பாத்துட்டு "அழுக்காவுமே"ன்னு இழுக்கறவங்க வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கும். சன்ரூஃப் கேக்கறவன் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்கு வேலைக்குப் போறவன். அடுத்து, வண்டி நம்பரை இங்க டிஎன் எழுபதுல எடுக்கலாமா, அங்க கேஏ அம்பத்தொண்ணுல எடுக்கலாமான்னு என் உயிரை எடுப்பான். மைலேஜ் எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் கேக்கற இன்னொன்னு, "இது ஏங்க இப்படிக் கத்துது?"

பெல்ட் போடலைன்னா கத்துற பெல்லு. அந்தச் சனியன்தான் எனக்கு வினையா வந்துச்சு.

வண்டி குடுத்த நாலாம் நாள் கம்பெனியிலருந்து கஸ்டமருக்கு ஃபோன் வரும், பத்துக்கு எத்தினி மார்க் குடுப்பீங்கன்னு. பத்து வந்தாத்தான் மார்க். ஒன்பது வந்தா அது முட்டை கணக்குத்தான். அதனால வண்டிச் சாவியக் குடுக்கறப்பவே, "அண்ணா, ஃபோன் வரும், பத்துன்னு சொல்லிடுங்கண்ணா, என் வேலையே அதுலதான் இருக்குது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுடுவோம். அப்படிக் கும்பிட்டும் ஒரு ஆளு ஆறு குடுத்தான். காரணம் கேட்டா, வண்டி கத்திக்கிட்டே இருக்குதாம். மறுநாள் காலை மீட்டிங்ல ராஜசேகர் சார் என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு.

அன்னைக்கு சாயங்காலமே கார் சாமான் கடைக்குப் போய் ஒரு கவர் நிறைய கிளிப்பு வாங்கிட்டு வந்தேன். பெல்ட்டோட முனையில இருக்கற இரும்பு நாக்கை மட்டும் தனியா வெட்டி எடுத்தா எப்படி இருக்கும், அவ்வளவுதான். அதை சீட்டுக்குப் பக்கத்துல பெல்ட் மாட்டற இடத்துல சொருகிட்டா, ஆளு பெல்ட் போட்டுட்டாங்கன்னு வண்டி நம்பிக்கும். கத்தாது. கறுப்பா, சின்னதா, இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும். யார் கண்ணுலயும் படாது. டெலிவரி அன்னைக்கு யாராவது மூஞ்சியைச் சுளிச்சா, குனிஞ்சு ஒரே சொருகு. "செட்டிங் மாத்திட்டேங்க"ன்னு சொல்லிடுவேன். "சுஜாதா கை வெச்சா வண்டி கத்தாது"ன்னு ஷோரூம்ல பேராயிடுச்சு. எனக்கு அதுல பெருமை வேற! தூ.

எல்லப்பன் அண்ணன் குடும்பம் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். கெலவரப்பள்ளி பக்கம் ஷெட்டு போட்டு ரோஜா வளக்கறவங்க. பூ ஏத்தற டெம்போ இருந்துச்சு, கார் அதுதான் முதல். அண்ணன், அவர் சம்சாரம் பவளம் அக்கா, காலேஜ் படிக்கற பொண்ணு மேகலா, மூணு பேரும் அஞ்சு தடவை வந்தாங்க. அண்ணன் ரெண்டாவது மாடலைச் சுத்திச் சுத்தி வந்தாரு. மேகலா, சன்ரூஃப் இல்லாம வாங்கினா நான் ஏறவே மாட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிச்சு. அக்கா வாயே திறக்கல. அஞ்சாவது தடவை வந்தப்பதான் மூணாவது மாடல்ல முன் சீட்டுல உக்காந்து, மேல இருந்த மறைப்பை இழுத்தாங்க. லைட்டு எரிஞ்சுது. கண்ணாடியில மூக்குத்தியைப் பாத்தாங்க, தலையில இருந்த ரோஜாவைப் பாத்தாங்க. "இந்தக் கண்ணாடி எந்த மாடல்ல வரும்?"னு கேட்டாங்க.

"மூணுலருந்துதான் அக்கா."

அண்ணன் சிரிச்சாரு. "இருபத்திரெண்டு வருஷத்துல இவ என்கிட்ட கேட்ட முதல் பொருளு இதும்மா. எடுத்துடு, மூணே எடுத்துடு."

டெலிவரி அன்னைக்கு நாலு வீலுக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு, பூசணி சுத்தி ஒடச்சு, பெரிய அட்டைச் சாவியைப் புடிச்சு ஃபோட்டோ எடுத்து, எல்லாம் ஜோரா முடிஞ்சுது. அண்ணன் வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. அவர் போலீசுக்குப் பயந்து பெல்ட் போட்டுட்டாரு. அக்கா போடல. வண்டி கத்த ஆரம்பிச்சுது. அக்கா பதறிட்டாங்க.

"இது எதுக்கு சுஜாதா கத்துது?"

அவங்க வீட்ல தெலுங்கு. எனக்கு வேலைக்காக கத்துக்கிட்ட அரைகுறைத் தெலுங்கு. ஐஸ் வெக்கணும் இல்ல? அவங்க பாஷையிலயே சொன்னேன். "ஊரிகே அக்கா." சும்மாதான், ஒன்னுமில்லன்னு அர்த்தம். சொல்லிக்கிட்டே குனிஞ்சு சொருகிட்டு, செட்டிங் மாத்திட்டேன்னேன். சத்தம் நின்னுடுச்சு. "கெட்டிக்காரிடி நீ"ன்னு அக்கா என் கன்னத்தைத் தட்டினாங்க. நாலாம் நாள் ஃபோன்ல பத்துக்குப் பத்து.

அஞ்சு மாசம் கழிச்சு கிருஷ்ணகிரியில ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. அண்ணனும் அக்காவும் மட்டும். சூளகிரி தாண்டி, முன்னாடி போன லாரிக்காரன் சடார்னு பிரேக் போட்டிருக்கான், இவங்க வண்டி போய் மோதிடுச்சு. அந்த நேரம் பாத்து அக்கா மறைப்பை இறக்கி, கண்ணாடிக்குக் கிட்டக்க மூஞ்சிய வெச்சு, தலையில பூவைச் சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. ஏர்பேக் வெடிச்சு நேரா மூஞ்சியில.

அண்ணன் ஆஸ்பத்திரியிலருந்து எனக்குத்தான் ஃபோன் பண்ணாரு. சாத்துக்குடி வாங்கிக்கிட்டு ஓடினேன். அக்காவுக்குப் பாதி முகம் கட்டு. அண்ணனுக்கு நெஞ்சுல சிராய்ப்பு, அவ்வளவுதான். என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு, "ஆறு ஏர்பேக் இருக்கற வண்டியா குடுத்தியேம்மா, அதனாலதான் இவ உசுரோட இருக்கா. நீ நல்லா இருக்கணும்"னு அழுதாரு. அப்ப டாக்டர் வந்தாரு. "அம்மா பெல்ட் போட்டிருந்தாங்களா? போட்டிருந்தா அவ்வளவு முன்னாடி போயிருக்க மாட்டாங்க, கண்ணு தப்பிச்சிருக்கும்"னு கேட்டாரு.

அண்ணன் முழிச்சாரு. "வண்டி சத்தமே போடலீங்களே டாக்டர். அது கத்தலைன்னா எல்லாம் சரியா இருக்குதுன்னு நெனச்சிட்டோம்."

ஐயோ, எனக்கு அந்த இடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. டாக்டர் போனதும் பழத்தை வெச்சிட்டு வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். அப்பவாவது திரும்பி உள்ள போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன பண்ணேன் தெரியுமா? நேரா எங்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நசுங்கின வண்டி ஓரமா நின்னுச்சு, இன்சூரன்ஸ்காரர் மறுநாள் வர்றதா இருந்துச்சு. கதவைத் திறந்து, இடுக்குல கையை விட்டு, அந்தக் கிளிப்பைப் புடுங்கி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன். முதல் தப்பு புத்தி இல்லாம பண்ணது. ரெண்டாவது நல்லா யோசிச்சுப் பண்ணது.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "நீயா வண்டி ஓட்டின? விடு"ன்னாரு. எப்படி விடறது? கிளிப்பு பேக்குக்குள்ள ஜிப்புல, பஸ் பாஸ் பக்கத்துலயே கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. யாருக்கும் காட்டவும் துப்பு இல்ல. மத்தவங்களுக்கு சொருகறதை அன்னைக்கே நிறுத்திட்டேன், ஆனா ஏற்கெனவே சொருகினது எத்தினி வண்டியில ஓடிக்கிட்டு இருக்குதோ, அந்த நெனப்பு வந்தா சோறு எறங்காது.

அண்ணன் வருஷா வருஷம் சீசன்ல எனக்கு மாம்பழப் பெட்டி கொண்டாந்து குடுப்பாரு. "இந்தப் பொண்ணுகிட்ட வாங்குங்க, ராசியான கை"ன்னு எங்கயிருந்தெல்லாமோ கஸ்டமர் அனுப்புவாரு. பெட்டியை வாங்கிட்டுப் போய் வீட்ல வெச்சா, எனக்கு ஒரு துண்டு வாயில வெக்க முடியாது. "அக்கா எப்படிண்ணா இருக்காங்க?"ன்னு கேட்டா, அவர் குரல் எறங்கிடும். "என்னத்தச் சொல்ல. கல்யாணம் காட்சின்னு எங்கயும் வர்றதில்ல. எங்க ஆளுங்க வாய் சும்மா இருக்காதே. அம்பது வயசுல கார்ல கண்ணாடி பாத்து சிங்காரிச்சிக்கிட்டுப் போனா கண்ணு போகாம என்ன ஆகும்னு இவ காது படவே பேசறாங்க. வீட்ல இருக்கற கண்ணாடியக்கூட சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டா. தோட்டம் பூரா ரோஜா, தலையில ஒன்னு வெக்க மாட்டேங்கறா."

இதைக் கேட்டும் நான் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு மாம்பழ சீசன் அப்படியே போச்சு.

இந்த வருஷம் தை மாசம் மூணு பேரும் ஷோரூமுக்கு வந்தாங்க. மேகலாவுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில வேலை கெடச்சிருக்கு, தினமும் பார்டர் தாண்டி போய் வர ஒரு வண்டி வேணுமாம். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அக்காவை அப்பத்தான் நேர்ல பாத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. நான் வழக்கம் போல ஆரம்பிச்சேன், மேகலாவுக்கு மூணாவது மாடல்தான் சரியா இருக்கும், ஆறு ஏர்பேக்குன்னு. கதவைத் திறந்து காட்டினேன். அக்கா பக்கத்துல வந்து அந்த மறைப்பைத் தொட்டாங்க. இழுக்கல.

"சுஜாதா, இந்தக் கண்ணாடி இல்லாத மாடலா குடு. என் புத்தி எம் பொண்ணுக்கு வேணாம்."

எனக்குள்ள என்னமோ அறுந்து போச்சு. "உங்க புத்தி ஒன்னும் கெடல அக்கா!"ன்னு கத்திட்டேன். பக்கத்து டேபிள்ல இருந்த கஸ்டமரெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ராஜசேகர் சார் கேபின்லருந்து எட்டிப் பாத்தாரு. பாக்கட்டும். "கண்ணாடி மேல தப்பில்ல. உங்க மேல தப்பில்ல. நான்தான் அக்கா. நான் பாவி."

அவங்களை டேபிள்கிட்ட உக்கார வெச்சு, பேக் ஜிப்பைத் திறந்து, கிளிப்பை எடுத்து டேபிள் மேல வெச்சேன். இது என்னன்னு சொன்னேன். அன்னைக்கு செட்டிங் ஒன்னும் மாத்தல, இதைத்தான் சொருகினேன், பத்து மார்க்குக்காக சொருகினேன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியிலருந்து நேரா போய் இதை மறைச்சதையும் சொன்னேன். அழுகை வந்துச்சு, ஆனா அழுது தப்பிச்சிக்கறாளேன்னு ஆயிடும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னேன்.

மேகலா எந்திரிச்சிடுச்சு. "நாலு வருஷம்! எங்கப்பா உங்களுக்கு மாம்பழம் தூக்கிட்டு வந்தாரு!" அண்ணன் மட்டும் என்னென்னமோ சமாதானம் தேடினாரு. "நானாவது போடச் சொல்லியிருக்கணும்… டெய்லி நான்தானே பக்கத்துல…" சொல்லிக்கிட்டே வந்தவரு பாதியில நிறுத்திட்டாரு. அதுக்கு மேல என் முகத்தைப் பாக்கவே இல்ல.

அக்கா கறுப்புக் கண்ணாடியக் கழட்டினாங்க. கிளிப்பை எடுத்து, வலது கண்ணுக்குக் கிட்டக்க வெச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"அன்னைக்கு நான் உன்னைக் கேட்டேன். எதுக்குக் கத்துதுன்னு கேட்டேன். நீ ஊரிகேன்னு சொன்ன."

"ஆமாக்கா."

"என்னைய எங்க ஆளுங்க என்னென்ன பேசினாங்க தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா. அண்ணன் சொல்வாரு."

"தெரிஞ்சே இருந்தியா?"

கிளிப்பைத் தன்னோட பர்ஸ்ல போட்டுக்கிட்டு அக்கா எந்திரிச்சாங்க. மூணு பேரும் போயிட்டாங்க. ராஜசேகர் சார் கேபினுக்குக் கூப்பிட்டு, ஷோரூம் மானத்தை வாங்கிட்டியேன்னு எகிறினாரு. "சார், வேலைய விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க, ஆனா கஸ்டமர் நம்பரெல்லாம் இருக்கற ஃபோன் ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்"னு சொல்லிட்டு, பழைய கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கா போட ஆரம்பிச்சேன். "அண்ணா, சீட்டு இடுக்குல ஒரு கிளிப்பு இருக்கும், அதைப் புடுங்கி வீசிடுங்க, நான்தான் வெச்சேன்." சிலபேர் சிரிச்சாங்க. சிலபேர் வெச்சுப் பொளந்தாங்க. ஒருத்தர், "அய்ய, அதைப் புடுங்கினா கத்துமேம்மா"ன்னாரு. கத்தட்டும்னு நான் கத்தினேன். என்னமோ, சார் என்னை அனுப்பல.

பன்னெண்டு நாள் கழிச்சு மேகலா மட்டும் வந்துச்சு. என் பேரைச் சொல்லிக் கூப்பிடல, உக்காரச் சொன்னா உக்காரவும் இல்ல. "அம்மா நாலாவது மாடல் எடுக்கச் சொன்னாங்க. பின் சீட்டுக்கும் பெல்லு அதுலதானாமே? நீங்கதான் டெலிவரி குடுக்கணுமாம்." அவ்வளவுதான். கையெழுத்து போட்டுட்டுப் போயிடுச்சு. அக்காவுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கே ஆச்சரியம். யார்கிட்டயும் நான் சொல்லாத ஐட்டம் அது. மாடல் விவரமெல்லாம் போட்டிருக்கற ஷோரூம் புத்தகத்தை வாங்கிட்டுப் போய், பொண்ணைப் படிக்கச் சொல்லி, நாலு மாடலையும் வரி வரியா கேட்டாங்களாம். பின்னால அண்ணன் சொன்னாரு.

டெலிவரி அன்னைக்கும் எலுமிச்சம்பழம், பூசணி எல்லாம் இருந்துச்சு. ஃபோட்டோவுக்கு மட்டும் நான் நிக்கல. மேகலா ஸ்டீரிங்ல, அண்ணன் பக்கத்துல, அக்கா பின் சீட்டுல. தலையில ஒரு செவப்பு ரோஜா. நாலு வருஷத்துக்கு அப்புறம் வெச்சிருக்காங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பூவு அன்னைக்கே ஏறியிருக்குமேடி பாவின்னு என்னை நானே வஞ்சிக்கிட்டேன்.

மேகலா பட்டனை அமுக்குச்சு. வண்டி கத்துச்சு. முன்னாடி ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. கத்தினது அக்காவுக்காக. அக்கா பெல்ட்டை இழுத்து மாட்டப் பாத்தாங்க. ஒத்தக் கண்ணுல பக்கம் தூரம் பிடிபடல. ஒரு தடவை பக்கத்துல குத்துச்சு, இன்னொரு தடவை சீட்டுல குத்துச்சு. வண்டி விடாம கத்திக்கிட்டே இருந்துச்சு. பூசணி ஒடச்ச ஆளுங்க, செக்யூரிட்டி, எல்லாரும் நின்னு பாக்கறாங்க. மேகலா கதவைத் திறக்கப் போச்சு.

"நீ இரு"ன்னு அக்கா பொண்ணைத் தடுத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "சுஜாதா, நீ வா. நீதான் போடணும்."

பின் கதவைத் திறந்து குனிஞ்சேன். அன்னைக்குக் குனிஞ்ச மாதிரியேதான். அவங்க நெஞ்சுக்குக் குறுக்க பெல்ட்டை இழுத்து, இடுக்குல தேடி, அழுத்தினேன். டக்குன்னு விழுந்துச்சு. சத்தம் நின்னுடுச்சு. அக்கா முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டக்க இருந்துச்சு. அந்த ஒத்தக் கண்ணு என்னையே பாத்துச்சு.

"இப்படித்தான் அதை நிறுத்தணும்"னாங்க. கதவைச் சாத்தினேன், ஜன்னல் கண்ணாடி மேல ஏறுச்சு. வண்டி பாகலூர் ரோட்டுல எறங்கிப் போயிடுச்சு.